அறுபது எம்பிக்குள் அக்கா

அறுபது எம்பி. வீடியோ ஃபைல் அதற்கு மேல் ஒரு துளி இருந்தாலும் அந்த அலுவலகத்தின் இணையதளம் வாங்காது. சிவப்பு எழுத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அலுவலகம் அது. பெற்றவள் தன் பக்க நியாயத்தைச் சொல்ல அவர்கள் ஒதுக்கிய இடம் அறுபது எம்பி. தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் ஆபீசில் எடுத்துக் கொடுக்கும் வீடியோவே எண்பது வரும். ஆனாலும் இதில் முதலில் திட்டு வாங்க வேண்டியது அந்த இணையதளம் இல்லை, நான்தான்.

என் வேலை வீடியோ எடிட்டிங். கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ செய்து தருகிற இடத்தில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எவ்வளவு பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் கைபேசியில் ஓடும் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்துவிடுவேன். அதனால் ஆபீசில் எனக்குச் சுருக்குப்பை என்று பெயர். அக்காவுக்கும் அது தெரியும். இடுப்பில் எதையோ செருகுவதுபோல் காட்டி என்னைக் கூப்பிடுவாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் பேச்சு முழுக்கக் கையால்தான். நான் பேசப் பழகியதே பாதி வாயில், பாதி கையில். அவள் கையால் சொன்னதை இங்கே வாயால் சொன்னது போலவே எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் விரல் மடங்கியது, கை உயர்ந்தது என்று எழுதிக்கொண்டிருந்தால் அவள் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் மனதில் நிற்காது.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். பேர் ஒன்று இருக்கிறது, நாங்கள் கூப்பிடுவது வாலு என்றுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது வாசல் பூட்டு மாறியிருந்தது. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. அன்றைக்குப் போட்டிருந்த லேப் கோட்டோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். வாலு உள்ளே இருந்தாள். பூட்டை மாற்றியவர் அவள் கணவர். அவரை இத்தனை வருடம் மாமா என்று கூப்பிட்ட வாயை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காது கேட்காத தாயிடம் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை, அழுதால்கூட அவளுக்குத் தெரியாது, ஆகவே மகள் என்னிடமே இருக்க வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்திருந்தார்.

முதல் கட்டத்தில் யாரையும் நேரில் கூப்பிட மாட்டார்களாம். இரண்டு பேரும் தங்கள் தரப்பை வீடியோவில் சொல்லி அனுப்ப வேண்டும். அக்காவின் வீடியோவை அலுவலகத்தின் சைகைமொழிபெயர்ப்பாளர் பார்த்து அதிகாரிக்கு வாயால் சொல்வார். அதை வைத்து அதிகாரி ஓர் உத்தரவு போடுவார். வழக்கு முடியும்வரை குழந்தை அந்த உத்தரவுப்படிதான் இருக்கும்.

"முடிய எவ்வளவு நாள் ஆகும்?" என்று எங்கள் வக்கீலம்மாவைக் கேட்டேன்.

"ஒன்றரை வருஷம்னு வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் குழந்தை எங்க பழகிடுச்சோ அங்கயே இருக்கட்டும்னுதான் சொல்வாங்க. அதனால இந்த வீடியோதான் எல்லாமே."

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு முன்னறையில் அக்காவை உட்காரவைத்து எடுத்தேன். ஆபீஸ் கேமரா. இருப்பதிலேயே உயர்ந்த தரம், வினாடிக்கு அறுபது படம். அக்கா பதினான்கு நிமிடம் பேசினாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

அதில் ஒரு சம்பவம். வாலுவுக்கு இரண்டு வயது இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது. நடுப்பகல். குழந்தையின் அப்பா பக்கத்து அறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் வெறுங்காலோடு நின்றாள். தரை அதிர்ந்தது அவள் பாதத்தில் தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கியது அவள்தான். காது கேட்கிறவருக்குக் கேட்கவில்லை, கேட்காதவளுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லும்போது அவள் கை பறந்தது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், அக்காவுக்குக் கை வேகமாகும். ரத்தம் எங்கிருந்து வந்தது, எப்படி அழுத்திப் பிடித்தாள், அவர் எந்தக் கதவில் வந்து நின்றார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஃபைல் ஐந்தரை ஜிபி, அதாவது ஐயாயிரத்து ஐந்நூறு எம்பி. அறுபது எம்பிக்குள் கொண்டுவர வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நமக்கு இது கைவந்த கலையாயிற்றே.

வீடியோவின் எடை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல், மொத்தம் எத்தனை வினாடி, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறைக்கலாம். வினாடிக்கு அறுபது படம் என்பதைப் பன்னிரண்டாக்கலாம். அதற்குப் பிறகும் வினாடிக்கு இவ்வளவுதான் தருவேன் என்று மென்பொருளின் கழுத்தை நெரித்தால், அது எதை விடலாம் என்று தானே பார்த்துக்கொள்ளும். அசையாமல் இருப்பதை அது அழகாக வைத்துக்கொள்ளும், சுவரும் நாற்காலியும் அதற்குச் செலவே இல்லை. எது அசைகிறதோ அதற்குத்தான் இடம் நிறைய வேண்டும். இடம் போதாதபோது அசைவதைத்தான் கலக்கிவிடும். இது எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஐம்பத்தொன்பது எம்பி வந்தது. முழுதாக ஓட்டிப் பார்த்தேன். முகம் தெளிவு. சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. எப்படிப் புரியாமல் போகும்? அவள் சொல்லும்போது எதிரே நின்றவன் நான், அதற்கு முன்பே அந்தக் கதையை நூறு தடவை கேட்டவன் நான். திரையில் இல்லாததையும் என் மண்டை நிரப்பிக்கொண்டது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அனுப்பிவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டார். என்னை மட்டும் அந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னார். இரண்டாவது மாடியில், கோப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை. மொழிபெயர்ப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கணினியில் அக்காவின் வீடியோவை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே பாருங்க."

அக்காவின் முகம் அழகாக இருந்தது. கழுத்துக்குக் கீழே, கை இருக்க வேண்டிய இடத்தில், தோல் நிறத்தில் சதுரம் சதுரமாக ஏதோ கலங்கிக் கிடந்தது. விரல் ஒன்றுகூட இல்லை. குளியலறைச் சம்பவம் அது. அவள் கை எங்கே வேகமாகப் போனதோ சரியாக அங்கேதான் படம் உடைந்திருந்தது.

"நாலாவது நிமிஷத்துலேர்ந்து எட்டு வரைக்கும் இப்படித்தான் இருக்கு. முகம் தெரியுது, விரல் தெரியல. நான் ஊகிச்சுச் சொல்லக் கூடாது, அது என் வேலை இல்ல. படிக்க முடியலன்னு எழுதித்தான் ஆகணும்."

"மேடம், கொஞ்சம் கவனிச்சுப் பார்த்தீங்கன்னா..."

"ஒன்பது தடவை பார்த்தேன் தம்பி." பிறகு ஒலியை ஏற்றினார். "ஃபேன் ஓடுற சத்தம் நல்லாக் கேக்குது. தெருவுல ஹாரன் அடிக்கிறதுகூடக் கேக்குது."

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஒலி. பேசாத பெண்ணின் வீடியோவில் நான் ஒலியை அப்படியே விட்டிருக்கிறேன். ஆபீசில் எந்த ஃபைலிலும் ஒலியில் கைவைக்க மாட்டோம். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், குரல் கெட்டால் ஃபைல் திரும்பி வரும். பதினோரு வருடப் பழக்கத்தில், ஒலியை அப்படியே வை என்கிற பெட்டியில் கை தானாக டிக் போட்டுவிட்டது. இருந்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கை என் வீட்டு ஃபேனுக்கும் தெருவில் போன எவனோ ஒருத்தனின் ஹாரனுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அக்காவின் விரலைப் பட்டினி போட்டிருக்கிறேன். பின்னால் ஜன்னல் திரை வேறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடியதற்கும் பங்கு போயிருக்கிறது. முட்டாள், அடிமுட்டாள்.

மாமாவின் வீடியோவும் இதே அறுபது எம்பிக்குள்தான். அவருடையது பதினைந்து நிமிடம் என்று வக்கீலம்மா சொன்னார். படம் மோசமாம், மூக்கு எது வாய் எது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லையாம். ஆனால் குரல் கணீர் என்று இருந்ததாம். அவருக்கு அது போதுமே.

அதிகாரி ஐந்து நாள் அவகாசம் கொடுத்தார், மறுபடி ஒரே ஒரு தடவை அனுப்பலாம் என்று. நேரில் வந்து சொல்லட்டுமே என்று வக்கீலம்மா கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அளவு அதே அறுபது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம், இன்னொரு தடவை எடுக்கணுமாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. காது மேல ஏறி நிக்குது பாரு."

சொல்லிவிட்டேன். ஃபேன் சத்தம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் எதையோ செருகுவதுபோல் காட்டினாள். "நல்லாச் சுருக்கின போ" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் திட்டவும் இல்லை.

இந்தத் தடவை ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். ஒலி கிடையாது. பின்னால் வெறும் சுவர். அக்காவுக்கு அடர்நீல ஒற்றை நிறச் சட்டை, கை தனியாகத் தெரியட்டும் என்று. ஜன்னல் ஓரம், போதாததற்கு ஆபீஸ் விளக்கு இரண்டு. வெளிச்சம் குறைந்தால் அசைகிற விரல் படத்தில் இழுபட்டுத் தெரியும். வினாடிக்கு முப்பது படத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இதையெல்லாம் வைத்துப் பெருக்கிப் பார்த்தால் அறுபது எம்பிக்கு நாலு நிமிடம்தான் வந்தது.

"பதினாலு நிமிஷத்துல சொன்னதை நாலு நிமிஷத்துலயா?" என்றாள் அக்கா.

"முக்கியமானதை மட்டும் சொல்லு."

"எது முக்கியமில்லன்னு நீயே சொல்லு."

லேபிலிருந்து கொண்டுவந்த ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். பூட்டு மாற்றியதை அடித்தாள். மாமியார் வீட்டில் விருந்தாளிகள் வந்தால் அவளை உள்ளறையில் இருக்கச் சொன்னதை அடித்தாள். வாலு பத்து மாதத்தில் பசிக்கிறது என்று கையால் சொன்ன முதல் வார்த்தையை அடித்துவிட்டு, மறுபடி எழுதி, மறுபடி அடித்தாள். கடைசியில் மிஞ்சியது மூன்று விஷயம். வேலைக்குப் போகிறேன். குழந்தைக்கு என் மொழி தெரியும். குளியலறையில் அன்றைக்கு நடந்தது.

முதல் தடவை எடுத்துச் சுருக்கிப் பார்த்தேன். முதல் இரண்டும் கண்ணாடிபோல் இருந்தன. குளியலறை வந்ததும் கை பறந்தது, விரல் மறுபடி கொஞ்சம் கலங்கியது. முன்புபோல் அத்தனை மோசமில்லை. ஒருவேளை படிக்க முடிந்திருக்கும். ஆனால் எனக்கு இனி ஒருவேளை என்பதே ஆகாது. கடைசித் தடவை இது.

"அக்கா, இங்க மட்டும் மெதுவாச் சொல்லு."

"மெதுவாத்தான் சொன்னேன்."

"இன்னும் மெதுவா. ஒரு வார்த்தை முடிஞ்சு கை நிக்கணும். அப்புறம் அடுத்தது."

அவள் மறுபடி செய்தாள். பாதியில் வேகம் ஏறிவிட்டது. நிறுத்தச் சொன்னேன். மறுபடி. மறுபடியும் ஏறியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "கோபப்படாதேன்னா கேக்க மாட்டியா? இதுல கோபப்பட இடம் இல்ல" என்று சத்தமும் கையுமாகக் கத்தினேன்.

அக்கா கேமராவை விட்டு என் பக்கம் திரும்பினாள். "என் பிள்ளை தலையில ரத்தம் வந்ததை எப்படிடா கோபப்படாம சொல்றது?"

"பல்லு செய்யும்போது எப்படி இருப்ப? அப்படிச் சொல்லு. அவங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான். புரியலன்னா வாலு நமக்கு இல்ல."

இதைச் சொன்னதும் அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அடுத்து எடுத்ததில் ஒரு பிசிறு இல்லை. குழந்தை விழுந்தாள். தரை அதிர்ந்தது. நான் ஓடினேன். ரத்தம் வந்தது. துணியால் அழுத்தினேன். அவர் வந்து நின்றார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, வரிசையாக வந்து நின்று போயிற்று. முகத்தைக்கூட அசையாமல் வைத்துக்கொண்டாள். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. சுருக்கியதும் ஐம்பத்தெட்டு எம்பி. எந்த இடத்தில் நிறுத்தினாலும் பத்து விரலையும் எண்ணலாம்.

சோதித்துவிடலாம் என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குக் கைமொழி அரைகுறை. இருந்தும் முழுக்கப் புரிந்தது என்றாள். அப்புறம் தயங்கினாள்.

"ஆனா இது நம்ம அண்ணி மாதிரியே இல்லைங்க. யாரோ நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

"புரிஞ்சுச்சா இல்லையா?"

"புரிஞ்சுது. அதுக்குச் சொல்லல..."

"அப்ப விடு. எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சாகணும் உனக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஃபைலை ஏற்றினேன். பச்சை டிக் விழுந்தது. இரண்டே நாளில் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வக்கீலம்மா வழியாகச் செய்தியும் வந்தது: முழுவதும் தெளிவு, ஒரு சொல்கூட விடுபடவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே போய் வாலுவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்தாள். ஏழு மாதத்தில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரியாமல், இரண்டு அளவு பெரிதாக.

உத்தரவு ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. வக்கீலம்மா கைபேசிக்கு அனுப்பியிருந்தார், கூடவே ஒரு வரி: "ஸாரி தம்பி, படிச்சுட்டுக் கூப்பிடுங்க." அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே படித்தேன்.

குழந்தை தந்தையிடமே இருக்கட்டும். தாய் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். காது கேளாமையை நாங்கள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் வாக்குமூலம் முழுவதும் தெளிவாக இருந்தது. ஆனால் தந்தை மகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இரண்டு இடங்களில் தழுதழுத்தது. தாயோ, குழந்தைக்கு மண்டை உடைந்ததைக்கூட எந்தப் பதற்றமும் இல்லாமல், முகத்தில் சலனமின்றி, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் விவரித்தார். இருவரில் குழந்தைமேல் ஆழ்ந்த பாசம் யாருக்கு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

அந்த வரிகளை மூன்று தடவை படித்தேன். நிமிர்ந்தபோது அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றாள்.

"வாலு அங்கதான் இருக்கணுமாம்."

"ஏன்? இந்தத் தடவையும் புரியலையா?"

"புரிஞ்சுதாம்."

"அப்புறம்?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் வக்கில்லாமல் நின்றேன். உத்தரவில் இருந்ததை இருந்தபடியே கையால் சொன்னேன். பதற்றம் இல்லை. முகத்தில் சலனம் இல்லை. மனப்பாடம். பாசம் அவருக்குத்தான் அதிகம். அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னை அப்படிச் சொல்லச் சொன்னது நீதான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களுக்குத் தெரியாது" என்று அதையே திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை அவள் கை வேகமாகப் போகவில்லை.

நான் மளமளவென்று ஆரம்பித்தேன். மேல்முறையீடு பண்ணலாம், நானே போய் எழுதிக் கொடுக்கிறேன், தப்பு என்னுது, மொத்தமும் என்னுது, முதல்ல எடுத்ததை அப்படியே பெரிய ஃபைலா டிஸ்க்ல போட்டு அவங்க மேசையிலயே கொண்டுபோய் வைக்கிறேன் என்று கை கொண்டமட்டும் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிவிட்டால் அவளிடம் பேச வேறு வழியே கிடையாது. தோளைத் தொட்டேன். மெல்ல என் கையை எடுத்து அப்பால் வைத்தாள், கண்ணைத் திறக்கவில்லை. நான் அவள் எதிரே முழங்காலிட்டு மன்னித்துக்கொள் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சமையலறை வாசலில் நின்று என் மனைவி மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.